எக்ஸ்ரேக்காரனின் நெல்லைப் பயணம்

வியாழன், பாளையங்கோட்டை

நவம்பர் 8 நெருங்கினால் எங்கள் எக்ஸ்ரே ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர், நோபல் பரிசை வெள்ளைக்காரன் தட்டிக்கொண்டு போய்விட்டான், உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். 1895-இல் அந்தத் தேதியில்தான் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார், அதனால் உலகம் முழுக்க எங்கள் தொழில்காரர்கள் கொண்டாடும் நாள் அது.

செய்தியில் வரும் தமிழர் ஜி.என்.ராமச்சந்திரன். பெரிய ஆள், சந்தேகமே வேண்டாம். ஆனால் செய்தி பாதி தப்பு, அந்தத் தப்புப் பாதியைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள், சரியான பாதி இன்னும் பெரிய விஷயம் என்று எவனும் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். அவர் பெயருக்கு முன்னால் நிற்கிற ஜி, கோபாலசமுத்திரம். என் மாமனார் வீடு பாளையங்கோட்டையில். இங்கிருந்து வண்டியில் போனால் ஒரு மணி நேரம் ஆகாது. லீவு போட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி வந்தாயிற்று. ஊர் பார்க்கிற பயணம்தான், ஆனால் இந்தத் தடவை என் தொழிலின் பெரியவர்களை நினைத்துக்கொண்டே சுற்றுவதாகத் திட்டம்.

திட்டத்தைக் கேட்ட மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், குத்தாலத்துல தண்ணி விழுது, அங்க போவாம கோபாலசமுத்திரத்துல என்னத்தப் பாக்கப் போறிய?" வண்டி அவனுடையது, பெட்ரோல் என்னுடையது என்று பேசி முடித்தோம். மழை காலையிலிருந்து விடாமல் நசநசவென்று. இன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை, அத்தை வைத்த சொதிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

வெள்ளி, கோபாலசமுத்திரம்

மேலப்பாளையம் தாண்டி முன்னீர்பள்ளம், தருவை என்று போகிற பாதை. ஐப்பசி மழைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. பிசானத்துக்கு நாற்று பாவி முடித்த வயல்கள், சில இடத்தில் தொளி அடித்துக்கொண்டிருந்தார்கள், டிராக்டர் பின்னால் கொக்குக் கூட்டம். வண்டியின் பின்னால் உட்கார்ந்து குடையைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று நானும் நனைந்து அவனையும் நனைத்தேன்.

ஊருக்குள் டீக்கடையில் ஒதுங்கினோம். பெஞ்சில் ஒரு பெரியவர், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மச்சினன் ஆரம்பித்துவைத்தான்.

"அண்ணாச்சி, இந்த ஊர்ப் பேர வச்ச பெரிய விஞ்ஞானி ஒருத்தர் உண்டாம், ராமச்சந்திரன்னு. தெரியுமா?"

"எம்.ஜி.ராமச்சந்திரனத் தெரியும்."

"இவரு ஜி.என்."

"நமக்கு எம்.ஜி. தான்டே."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சரி சொல்லும், அவரு என்னதான் கண்டுபிடிச்சாரு என்றார். இந்தக் கேள்விக்குத்தானே வந்தேன்.

ராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், அப்பா அங்கே கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஆக ஊர், பெயரில் மட்டும் கூடவே போயிருக்கிறது. பெங்களூரில் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தார், கேம்பிரிட்ஜ் போய் வந்தார், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைவராக உட்கார்ந்தபோது வயது முப்பது. துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அந்த வயசுக்காரரை நம்பித் துறையைக் கொடுத்தார், இன்றைக்கு நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பெர்னால் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கொலாஜன் எப்படி அமைந்திருக்கிறது என்று இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிற புரதம் அது. பக்கத்திலேயே அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கதிர் சிதறி பிலிமில் விழுந்த புள்ளிகளையும் வளைவுகளையும் வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள்.

"கங்காரு வாலா?" பெரியவருக்கு இதுதான் பிடித்துப்போயிற்று. "மெட்ராஸ்ல கங்காரு ஏதுடே?"

வந்தது வால் மட்டும்தான் என்று சமாளித்தேன். அவர் முழங்கையின் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துக் காட்டினேன், இது பிய்ந்து வராமல் நிற்கிறதே, அந்த வேலையைச் செய்கிற சமாச்சாரம் என்று. எழுபது வயசுத் தோல் நிதானமாகத்தான் திரும்பிப் போனது. மூன்று இழைகள், மூன்று புரிக் கயிறு மாதிரி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு இழையிலும் மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் என்கிற மிகச் சின்ன அமினோ அமிலம்தான் உட்கார முடியும், ஏனென்றால் மூன்று இழையும் நெருங்குகிற நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடம் கிடையாது. 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார், அடுத்த வருஷம் இழைகளுக்கு இன்னொரு முறுக்குக் கொடுத்துத் திருத்தினார்.

உடனே சண்டை. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்ற இன்னொரு விஞ்ஞானியும் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் மாதிரியில் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று இடிக்கின்றன, அவ்வளவு நெருக்கமாக நிற்க முடியாது என்றார்கள். சரி, எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக்கூடாது? கோபப்பட்டு உட்காராமல் அதையே அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார் மனிதர். அதுவரை தெரிந்த படிக அமைப்புகளில் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள தூரத்தையெல்லாம் அளந்து சேர்த்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எங்கே திரும்பினால் இடிக்கும் என்று ஒரு வரைபடமாகவே போட்டுவிட்டார். 1963, கூடவே ராமகிருஷ்ணன், சசிசேகரன். ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கு உலகத்தில் எந்தப் பரிசோதனைக்கூடத்தில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க இந்தப் படத்தில் வைத்துப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. குற்றம் சொன்னவனுக்குப் பதில் சொல்லப் போய், குற்றம் சொன்னவனும் பயன்படுத்தியாக வேண்டிய அளவுகோலைச் செய்துவைத்தார். எனக்கு இந்தக் கதை சி.டி. கதையைவிடப் பிடிக்கும்.

"சரி, அவருக்கு என்ன குடுத்தாவ?" என்றார் பெரியவர்.

பட்நாகர் விருது 1961, லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் 1977, இப்படி அணுக்களின் அடுக்கைக் கதிரால் கண்டுபிடிக்கிற படிகவியலில் பெரிய கௌரவமான எவால்டு பரிசு 1999. பத்ம விருதுப் பட்டியலில் தேடினேன், அகப்படவில்லை. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

பெரியவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "ஒரு போர்டாது வைக்கலாம்லா" என்றார். கடைக்காரர், பஞ்சாயத்துல சொல்லுங்க என்று எதையோ நினைத்துச் சிரித்தார். அவர்களுக்குள் வேறு கணக்கு போல.

அக்ரகாரத் தெருவில் நடந்தோம். பல வீடுகளில் பூட்டு, சில வீடுகளைப் புதுசாக இடித்துக் கட்டியிருக்கிறார்கள், திண்ணையில் வண்டி நிற்கிறது. அந்தக் குடும்பத்து வீடு எது என்று கேட்க ஆள் இல்லை. தெருவைப் பார்த்துவிட்டு, பெருமாள் கோயில் நடை சாத்திவிட்டதால் வெளியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வெள்ளி ராத்திரி, அதே பாளையங்கோட்டை

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. மச்சினன், சரி அத்தான், அந்த சி.டி. விஷயத்தையும் சொல்லி முடிங்க, இல்லாட்டி நாளைக்கும் வண்டியில காது வலிக்கும் என்றான்.

மேஜையில் தண்ணீர் டம்ளரையும் மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் அருகருகே நிற்க வைத்தேன். போன் டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்தால் சுவரில் இரண்டும் சேர்ந்து ஒரே நிழல். எக்ஸ்ரே இவ்வளவுதான், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றாகிவிடும். டார்ச்சை நகர்த்தினால் நிழல் பிரிகிறது, இன்னும் நகர்த்தினால் அகலம் மாறுகிறது. சுற்றிச் சுற்றி எல்லாக் கோணத்திலும் நிழலை அளந்து வைத்துக்கொண்டால், நிழல்களை மட்டும் வைத்து மேஜையில் என்ன, எங்கே, என்ன வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சி.டி.யின் அடிப்படை இது. சொல்லிவிடலாம் என்பதற்கான கணக்கை வியன்னாவைச் சேர்ந்த ராடோன் 1917-இலேயே போட்டுவிட்டார், வைத்தியத்துக்காக இல்லை, சும்மா கணக்காக.

மருத்துவத்துக்கு அதை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் கோர்மாக், தென்னாப்பிரிக்காக்காரர். கேப்டவுன் ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சையை மேற்பார்க்கப் போன இடத்தில் தோன்றிய யோசனை. 1963, 64-இல் கட்டுரை எழுதினார், கேட்க நாதியில்லை, பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவை ஆராய்கிறவர்களிடமிருந்து வந்தது என்று அவரே பின்னால் நோபல் உரையில் சொன்னார். இன்னொருவர் ஹவுன்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. கம்பெனி எஞ்சினியர், ஆமாம், பாட்டு ரிக்கார்டு போட்ட அதே கம்பெனி. அவருடைய முதல் சோதனைக் கருவி ஒரே ஒரு படத்துக்கு அளவெடுக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. கசாப்புக் கடையில் மாட்டு மூளை வாங்கிக்கொண்டு லண்டனில் அலைந்தார். 1971 அக்டோபர் 1, விம்பிள்டன் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளி, தலைக்குள் கட்டி, 80-க்கு 80 கட்டங்களில் ஒரு படம், கட்டி எங்கே என்று தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் 1979-இல் மருத்துவ நோபல். கோர்மாக் படித்தது இயற்பியல், ஹவுன்ஸ்ஃபீல்டு எஞ்சினியர், இரண்டு பேருமே டாக்டர் பட்டம் வாங்காதவர்கள். இதில் தட்டிப்பறித்தது எதுவும் இல்லை.

அப்படியானால் நம்மாள் எங்கே வருகிறார்? நிழல்களை அப்படியே திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் படம் கிடைக்கும், ஆனால் கலங்கலாக, ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் ஒளிவட்டம் படர்ந்து. பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் பங்கைக் குறிப்பிட்ட அளவில் கழித்துவிட்டுப் பூசினால் கலங்கல் தெளிந்துவிடும். ஃபூரியே மாற்றம் என்ற நீண்ட கணக்குக்குள் போகாமல் இதைச் சுருக்கமாகச் செய்யும் வழியை 1971-இல் ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினார்கள். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே இதே போல ஒரு வழி சொல்லியிருந்தார்கள், அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் தொழிலில் நிலைத்த பெயர் ராம்-லாக் வடிகட்டி. ராம், ராமச்சந்திரன். லாக், லட்சுமிநாராயணன். சி.டி. கணக்கைச் சொல்லித்தருகிற எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தப் பெயர் வராமல் போகாது. இன்றைய மிஷின்கள் இதோடு இன்னும் என்னென்னவோ சேர்க்கின்றன, வேறு வழிகளிலும் படம் போடுகின்றன, அது வேறு.

"அப்போ ஸ்கேனைக் கண்டுபிடிக்கல, ஸ்கேன் படத்தைத் தெளிய வச்சிருக்காரு" என்றான் மச்சினன். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தனும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. கரண்ட் வந்துவிட்டது.

சனி, நவம்பர் 8, முக்கூடல் பக்கம்

இன்றைக்கு எங்கள் நாள். கொண்டாட்டம் தானாக வந்து சேர்ந்தது. முக்கூடலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஊரில் பள்ளிக்கூட வாசலில் காசநோய் கண்டுபிடிக்கிற எக்ஸ்ரே வண்டி நின்றுகொண்டிருந்தது. மச்சினனைத் தட்டி நிறுத்தச் சொன்னேன்.

வரிசையில் பெரும்பாலும் பீடி சுற்றுகிற பெண்கள். நிற்கிற நேரம் வீணாகக்கூடாது என்று மூன்று பேர் வேப்பமரத்தடியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, முனையை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி இழுத்து அறுத்துப் போடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், பேச்சு மட்டும் நிற்காது, முறத்தை யாரும் பார்ப்பதே இல்லை. பேர் கூப்பிட்டதும் முறத்தைப் பக்கத்துக்காரியிடம் தள்ளிவிட்டு எழுந்து போகிறார்கள்.

உள்ளே டெக்னீஷியன் சின்னப் பொண்ணு, படித்து முடித்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. "நெஞ்ச பிளேட்டுல ஒட்டி நில்லுங்க ஆச்சி, தாடைய மேல வைங்க, தோளை முன்னால தள்ளுங்க, இன்னும், ம், மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க." ஆச்சி மூச்சை இழுத்ததும் சிரித்துவிட்டார். மறுபடி. தோளை முன்னால் தள்ளச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் நிழலாக விழாமல் விலகுவதற்கு. நேற்று டம்ளரில் காட்டியதுதான். படம் உடனே திரையில் வந்தது, கம்ப்யூட்டரே ஒரு தடவை பார்த்துச் சந்தேகத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறது, அதைப் பார்த்துத்தான் யாரிடம் சளி கேட்பது என்று முடிவு. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறைக்குச் சம்மதம் சொன்னது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் டார்க் ரூமில் சிவப்பு விளக்கின் கீழ் டெவலப்பர் நாற்றத்தில் பிலிமை ஆட்டிக்கொண்டு நின்றோம். பொறாமையாக இருந்தது.

நானும் எக்ஸ்ரேதான் என்றதும் அந்தப் பெண் முகம் மலர்ந்து, ஹேப்பி ரேடியோகிராபி டே சார் என்றாள். மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் ஒழுங்காக மாட்டியிருந்தாள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பி எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பது. சந்தோஷம். ஒரு காலத்தில் நான் இருந்த ஓர் இடத்தில் பேட்ஜை அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வேலைக்கே விடுவார்கள், அளவு கூடினால் கேள்வி வருமாம்.

வண்டியில் எக்ஸ்ரே என்றால் மேரி கியூரி ஞாபகம் வராமல் இருக்காது. முதல் உலகப் போரில் காரில் எக்ஸ்ரே கருவியை ஏற்றி, கார் எஞ்சினோடு டைனமோவை இணைத்து மின்சாரம் எடுத்து, போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போனார். அப்படி இருபது வண்டிகள் வரை, நிலையான எக்ஸ்ரே அறைகள் இருநூறு, பார்த்த சிப்பாய்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பதினெட்டு வயசுகூட நிறையாத மகள் ஐரீனையும் இந்த வேலையில் இறக்கினார். இரண்டு நோபல் ஏற்கெனவே வாங்கியவர், 1903-இலும் 1911-இலும், கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, எலும்பில் குண்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். மேரி 1934-இல் எலும்பு மஜ்ஜை செயலிழந்தும், ஐரீன் 1956-இல் ரத்தப் புற்றுநோயிலும் இறந்தார்கள்.

இந்தக் கணக்கில் விருது வாங்கியவர்கள் கொஞ்சம், வெந்தவர்கள் நிறைய. எடிசனின் உதவியாளர் டாலி, எக்ஸ்ரே குழாயைச் சோதிக்கத் தன் கையையே வைத்து வைத்துப் பார்த்தவர், இரண்டு கையும் போய் 1904-இல் செத்தார். எடிசன் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் 1936-இல் ஒரு கல் நட்டார்கள், கதிரால் இறந்த டாக்டர்கள், டெக்னீஷியன்கள், விஞ்ஞானிகள், நர்சுகள் பெயரெல்லாம் பொறித்து, ஆரம்பத்திலேயே 150-க்கு மேல், பின்னால் இன்னும் சேர்த்தார்கள். நம் ஊரில் ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நடுகல் நட்டார்களே, அந்த வகையில் சேர்க்க வேண்டியது. நோபல் பட்டியலை மனப்பாடம் செய்கிற எங்கள் மாணவர்களுக்கு இந்தக் கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை, இது எனக்கு ஒரு குறை.

ராண்ட்ஜனைச் சொல்லாமல் இன்றைய குறிப்பை முடித்தால் நன்றாக இருக்காது. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபலே அவருக்குத்தான். பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார், கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை, நோபல் உரையும் நிகழ்த்தவில்லை. காப்புரிமை எடுத்திருந்தால் இன்றைக்கு முக்கூடல் பள்ளிக்கூடத்து வாசல் வரை எக்ஸ்ரே வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

ஞாயிறு, கல்லிடைக்குறிச்சி

கூடங்குளம் போகலியா என்று கேட்டிருந்தவர்களுக்கு: இல்லை. அது வேறு பஞ்சாயத்து.

இன்றைக்கு எங்கள் பெரியம்மாவைப் பார்க்க வந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் அப்பளம் காயப்போட வெயில் இல்லாமல் அந்தம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டியாயிற்று. 1980-களில் மார்பில் புற்றுநோய் வந்து அடையாறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், அப்புறம் கதிர் சிகிச்சை. அந்தச் சிகிச்சை எப்படி நடந்தது என்று கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உற்சாகமாகிவிட்டார்.

"கரண்டு வச்சாவ. தெனமும், ஞாயித்துக்கெழம மட்டும் லீவு, சனிக்கெழமையும் கெடையாதோ என்னமோ. நெஞ்சுல ஊதா மையில கோடு போட்டு வுட்டுருவாவ, அதக் குளிக்கையில அழிச்சிரப்படாது. நா கழுத்து வரைக்கும் மட்டும் தொடைச்சிக்கிட்டு ஒன்றரை மாசம் கெடந்தேன். மிஷினு பெருசா தல மேல நிக்கும். எல்லாரும் ஓடிருவாவ, கதவச் சாத்திருவாவ, நா மட்டும் உள்ள. ஒண்ணுந்தெரியாது, சூடுகூட இருக்காது. அதுக்குள்ள முடிஞ்சிட்டும்பாவ."

அந்த மிஷின் கோபால்ட். கோபால்ட்-60 அணு உலையில் வைத்துத் தயாரிப்பது, நம் நாட்டில் ராஜஸ்தான் உலைகளில். தலைக்கு மேல் பெட்டிக்குள் அந்தக் கோபால்ட் எப்போதும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும், ஷட்டரைத் திறந்தால் வெளியே வரும். ஐந்தே கால் வருஷத்தில் பாதியாகிவிடும். அதனால் மாதத்துக்கு ஒரு சதவீதம் போல வலு குறையும், நோயாளிக்குப் போகிற கதிரின் அளவு குறையாமல் இருக்க, கதிர் வைக்கிற நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கோபால்ட் பழசாகிவிட்டால் நோயாளி அசையாமல் படுத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகிவிடும். இந்த முறை 1951-இல் கனடாவில் தொடங்கியது. அடையாறுக்கு 1950-களிலேயே வந்துவிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே அடுத்த வருஷம் சேர்ந்து சாகிற வரைக்கும் அந்த வளாகத்தை விட்டுப் போகாத டாக்டர் சாந்தாவுக்கு மகசேசே விருது 2005-இல், பத்ம விபூஷண் 2016-இல் கிடைத்தது. பெரியம்மா அவரைப் பார்த்திருக்கிறார். "ஒல்லியா இருப்பாவ. கையப் பிடிச்சுப் பேசுவாவ. அவ்வளவுதான் ஞாபகம்."

"தெனமும் ஏன் கொஞ்சம் கொஞ்சமா வச்சாவ, ஒரேயடியா வச்சா என்ன?" இதைப் பெரியம்மா நாற்பது வருஷமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார். பதில் பிரான்ஸில் ஆட்டுக்கிடாவிடம் கிடைத்தது. ரெகோ என்ற பிரெஞ்சுக்கார விஞ்ஞானி கிடாவின் விதைக்குக் கதிர் வைத்துப் பார்த்தார். ஒரே தடவையில் மலடாக்கப் பார்த்தால் மேல்தோல் வெந்துபோகிறது. அதையே பல நாளாகப் பிரித்து வைத்தால் தோல் தாங்கிக்கொள்கிறது, உள்ளே வேகமாகப் பெருகுகிற செல்கள் மட்டும் அழிகின்றன. புற்றும் வேகமாகப் பெருகுவதுதானே. அங்கிருந்து கூட்டார்டு அதைத் தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குக் கொண்டு போனார், 1920-களில். இன்றைக்கு உலகம் முழுக்கக் கதிர் சிகிச்சை தினசரித் தவணையாக நடப்பது இதனால்தான். ரெகோவுக்கும் நோபல் கிடையாது.

"கெடாவுக்கா?" என்று பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அப்பளக்காரம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கதை சொல்லப்பட்டது. நான் சொன்னதைவிடப் பெரியம்மா சொன்னது நன்றாக இருந்தது, கிடா இரண்டாகிவிட்டது.

சாயங்காலம் பாபநாசம். ஐப்பசி விசேஷத்துக்கு ஆற்றில் நல்ல கூட்டம், தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது, உள்ளே இறங்கவிடவில்லை. படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தோம். மேலே அணையில் 1944-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் பழைய நீர்மின் நிலையங்களில் ஒன்று.

திங்கள், ரயிலில்

கிளம்புகிற முன் மாமனார் ஹைகிரவுண்டு பக்கம் கடையில் அல்வா வாங்கிக் கொடுத்தார். நேற்றுப் போட்ட பதிவுக்கு வந்த கேள்விகளில் பாதி, ராமச்சந்திரனுக்கு நோபல் ஏன் இல்லை என்பதுதான். ஒருவர் சாதி, ஒருவர் நிறவெறி, ஒருவர் கிரிக்கின் சதி என்று ஆளுக்கு ஒரு காரணம் எழுதியிருக்கிறார்கள். ஏன் கொடுக்கவில்லை என்று நான் கற்பனை செய்ய மாட்டேன். கொலாஜனுக்கும் வரைபடத்துக்கும் கொடுத்திருக்கலாம், தாராளமாக. எக்ஸ் கதிர்ப் படிகவியலுக்கு நோபல் கமிட்டி கஞ்சத்தனம் செய்ததில்லை: 1914-இல் லாவே, 1915-இல் பிராக் அப்பாவும் மகனும், மகனுக்கு வயது 25, 1964-இல் டோரதி ஹாட்ஜ்கின், 2009-இல் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்த வரிசையில் நடுவே ஒரு நாற்காலி போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சி.டி.க்காக அவருக்கு நோபல் கேட்காதீர்கள், அவ்வளவுதான். அது அவர் போகிற போக்கில் செய்துவிட்டுப் போன வேலை.

போர்டு விஷயம்: மச்சினன் டீக்கடைப் பெரியவரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறானாம், எனக்கே இன்று காலைதான் சொன்னான். பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுக்க மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இடிக்கிறது, என்ன செய்தார் என்று போர்டில் ஒரே வரியில் எழுத வேண்டுமாம், இடம் அவ்வளவுதான். "கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டறிந்தவர்" என்று எழுதினேன். மச்சினன் போனில் படித்துவிட்டு, கங்காரு எங்க அத்தான், கங்காரு இல்லாட்டி அண்ணாச்சி கையெழுத்து போட மாட்டாரு என்கிறான். மதுரை வந்தால் டீ வரும், அதற்குள் ஒரு வரி தேற்ற வேண்டும். நல்ல வரி கையில் இருப்பவர்கள் எழுதி அனுப்புங்கள்.